கேட்காமல் கேட்ட கைக்கடிகாரம்

பெண் எடுக்கப் போகும் இடத்தில் எங்கள் குடும்பத்தார் எதையும் கேட்பதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். கேட்காமலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

1999ஆம் ஆண்டு ஐப்பசியில் என் மைத்துனனுக்குப் பெண் பார்த்தோம். மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் மலைமேல் தேவனூர் நாட்டில் அவனுக்கு மிளகும் காப்பியும் போட்ட தோட்டம் இருந்தது, ஒரு பழைய ஜீப் இருந்தது, வயது முப்பதைத் தாண்டி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. தாய் தகப்பன் இல்லை. செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துக் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை அந்தக் கணக்கை நாமக்கல்லுக்குக் கொண்டுபோவதும் என் வேலை. என் மனைவி எங்கள் வீட்டுக்கும் சமைத்து, தம்பிக்கும் தூக்குப்போசியில் சோறு கட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். "இனிமே ரெண்டு ஊட்டுக்கு ஒல வெக்க என்னால ஆகாது" என்பது அந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம்.

அவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்குக் கெட்ட பழக்கம் எதுவும் காரணமில்லை. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், கை நீட்டிப் பேசக்கூட மாட்டான். இரண்டு பொருளை எதிரே வைத்தால் ஒன்றை எடுக்க அவனுக்கு வராது, அவ்வளவுதான். ஜீப்புக்குப் பச்சை அடிப்பதா சாம்பல் அடிப்பதா என்று யோசித்ததில், அது அடிப்பூச்சோடு இரண்டு மழைக்காலம் ஓடியது. ஜாதக விஷயத்திலும் இப்படித்தான். இரண்டு நல்ல ஜாதகம் சேர்ந்து வந்துவிட்டால் போதும், இரண்டு பெண்களுக்கும் வேறு இடத்தில் கல்யாணம் நடந்து பிள்ளை பிறக்கும்வரை யோசிப்பான்.

நாமக்கல் பெண்ணைப் பார்த்த அன்று மட்டும் அதிசயம் நடந்தது. பெண்ணின் அப்பாவுக்கு லாரிகள் ஓடின, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும் இருந்தது. பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள், இவன் ஜீப்பில் வந்தானா பஸ்ஸில் வந்தானா என்று கேட்டாள், உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும் வழியில் இவன், "அக்கா, இதே பொண்ணு போதுங்க்கா" என்றான். என் மனைவி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு பேச்சு நடந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடுவது பெண் வீட்டு முறை. பெண்ணின் அப்பா நேரடியான ஆள். "மாப்ளைக்கு வாட்ச் ஒண்ணு நல்லதாப் போட்டர்றமுங்க. எது புடிக்குமுன்னு சொல்லிப்போடுங்க, நம்ம சேந்தமங்கலம் பாய்கிட்டச் சொன்னா துபாய்ல இருந்தே வந்துரும்" என்றார்.

அதற்குச் சரியாக ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் எனக்கு இருந்திருக்காது. என் மனைவி, "அய்யோ, நாங்க எதுவும் கேக்க மாட்டமுங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது. உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். 'உங்களுக்குத் தெரியாததா' என்றால், எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்களாகவே கண்டுபிடியுங்கள், தப்பாகக் கண்டுபிடித்தால் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவோம் என்று அர்த்தம்.

சேந்தமங்கலத்துப் பாய் கடைத்தெருவில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். செண்டு, டார்ச் லைட், கொசுவலை போல மெல்லிய புடவைகள், கோடாலித் தைலம். அவருடைய தம்பிக்குத் துபாயில் கடிகாரக் கடையில் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என் மைத்துனன் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனான். பாய் ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்து விரித்தார். அதில் பக்கத்துக்கு ஒரு கடிகாரம், அசல் அளவில், வண்ணத்தில். எல்லாம் பெரிய பெயர்கள். அந்தக் கம்பெனிகளுக்கு என் விளம்பரம் தேவைப்படாது என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

மைத்துனனின் விரல் கறுப்பு முகம் கொண்ட ஒன்றில் நின்றது. பெரிய முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள், வட்ட விளிம்பில் எண்கள்.

"அது கார் ரேஸ் ஓட்டறவங்க கட்டறதுங்க" என்றார் பாய். "பொத்தான அமுத்துனா ஓட ஆரம்பிக்கும். ஒரு கிலோமீட்டரு போனதும் மறுபடி அமுத்துனா, முள்ளு நிக்கற எடத்துல உங்க வேகம் எழுதியிருக்கும். பணத்தக் கையில வச்சுக்கிட்டு வருசக் கணக்குல காத்துக் கெடக்கறாங்க இதுக்கு."

நான் விளிம்பைப் படித்துப் பார்த்தேன். எண்கள் அறுபதில் முடிந்துவிட்டன. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கீழே ஓடுகிறவனை அந்தக் கடிகாரம் ஓடுகிறவனாகவே மதிப்பதில்லை. எங்கள் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து மேலே ஏறும்போது என் மைத்துனனின் ஜீப்பைச் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் நலம் விசாரித்துக்கொண்டே வருவார்கள்.

"அப்ப இந்த நீலமுங்க?" அவன் விரல் பக்கத்தைத் திருப்பியிருந்தது.

"அதா? கடலுக்கு அடியில போறவங்களுக்குங்க அது. முந்நூறு மீட்டரு ஆழம் தாங்கும். பக்கத்துல பாருங்க, சின்னதா ஒரு ஓட்ட. ஆழத்துல இருந்து மேல வாறப்ப உள்ள பூந்த காத்து அது வழியா வெளியில போயிரும். அதுக்கும் காத்துக் கெடக்கறாங்க."

"ரெண்டுல எது நல்லதுங்க பாய்?"

"எத நீங்க பாத்துட்டிருக்கீங்களோ அதுதானுங்க" என்றார் பாய், வியாபாரம் தெரிந்தவர்.

"ரெண்டையும் கொண்டாரச் சொன்னா, நேர்ல பாத்து ஒண்ண எடுத்துக்கலாமில்லைங்க?"

"தம்பி கையில கட்டிக்கிட்டுத்தான் வருவான். கைக்கு ஒண்ணு கட்டிக்கிட்டு எறங்குனா ஏர்போர்ட்டுல மாலையா போடுவாங்க? ரம்ஜானுக்கு வாரான். அதுக்குள்ள ஒண்ணச் சொல்லிப்போடுங்க."

தான் வந்துபோனதைப் பெண் வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று பாயிடம் உறுதி வாங்கினான். சொன்னால் அது கேட்டதாக ஆகிவிடும். நாங்கள்தான் கேட்க மாட்டோமே. பாய் தலையசைத்து, இரண்டு பக்கங்களையும் கிழித்து அவன் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. அவன் அந்த இரண்டு படங்களையும் சங்கிலியோடு கச்சிதமாக வெட்டி, அட்டையில் ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். இடக்கையில் கறுப்பு, வலக்கையில் நீலம். கட்டிப் பார்த்தால்தான் மனசு சொல்லுமாம். அப்படியே தோட்டத்தில் நடந்தான். காப்பிப் பழம் பறிக்க வந்த பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏஞ்சாமி, ரெண்டு கையிலயும் அடிபட்டுருச்சா?"

"கட்டு இல்லடி, கடியாரம். சாமி, மணி என்னாச்சுங்க?"

"பத்து பத்து" என்று படத்தைப் பார்த்தே ஒருத்தி பதில் சொன்னாள். "நேத்து சாயங்காலமும் பத்து பத்துதான். பொழுதே போக மாட்டீங்குது. எங்களுக்குக் கஞ்சி நேரமும் வராது, ஊட்டுக்குப் போற நேரமும் வராது. நல்ல மொதலாளிடி, நல்ல கடியாரம்."

இவன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. காலையில் வந்து, "மச்சான், கறுப்புதான். ஆம்பளைக்குக் கம்பீரமா இருக்குதுங்க" என்பான். மதியச் சோற்றுப் போசியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது நீலமாகியிருக்கும். நீலத்துக்குச் சங்கிலியை நீட்டிக்கொள்ளும் வசதி உண்டு. முக்குளிப்பவர்கள் ரப்பர் உடைக்கு மேலே கட்டிக்கொள்வதற்காக வைத்தது. "நம்ம ஊருக்கு அது ரொம்பத் தேவைங்க மச்சான். மார்கழிக் குளிருக்குச் சுவெட்டரு மேலயே கட்டிக்கலாம்" என்றான். முந்நூறு மீட்டர் கடலை வென்ற ஒரு கடிகாரம் கடைசியில் கம்பளி நூலோடு போராடும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

கார்த்திகை பிறந்ததும் கறுப்பு என்று முடிவாகச் சொன்னான். அக்காள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இனி அதைப் பெண் வீட்டுக்குத் தெரியப்படுத்த வேண்டும், கேட்காமல். அந்த மாத மழைக் கணக்கைக் கொடுக்க நான் நாமக்கல் போவதாக இருந்தது. "நீங்க பட்டறைப் பக்கம் போயி, பேச்சோட பேச்சா விட்டுட்டு வந்துருங்க. கறுப்புன்னு சொல்லிப்போடாதீங்க. கடிகாரம்ங்கற வார்த்தையே வாயில வரப்படாது" என்று என் மனைவி பாடம் சொல்லி அனுப்பினாள்.

பட்டறையில் பெண்ணின் அப்பா ஒரு லாரி அடியில் குனிந்து அச்சு பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கை துடைத்து, டீ சொன்னார். நான் மழையைப் பற்றிப் பேசினேன், மிளகைப் பற்றிப் பேசினேன், சரியான இடம் பார்த்து விட்டேன்.

"எங்க மாப்ளைக்கு வேகம்னா உசுருங்க."

அவர் டீ கிளாசை வாயிலிருந்து எடுத்தார். "வேகமுங்களா?"

"ஆமாங்க. செகண்டு கணக்குப் பாக்கறவரு. ஒரு கிலோமீட்டரு எத்தன செகண்டுல போனமுங்கறதுதான் அவருக்கு."

"அந்த வளைவுலயா?"

"அந்த வளைவுலதானுங்க" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, குறிப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"வண்டி எத்தன வாட்டி பொரண்டிருக்குதுங்க?" என்று கேட்டார். நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முந்தின வருடம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு எங்கள் மலையிலிருந்து இறங்கிய அவருடைய லாரி வளைவில் உருண்டு, டிரைவர் பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது என்பதும், அன்றிலிருந்து வேகமாக ஓட்டுகிறவன் என்று யாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அவனைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிடுவார் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு எப்படிச் சொல்லியிருப்பேன் என்பதும் தெரியவில்லை. கறுப்பு என்று சொல்லக் கூடாது, கடிகாரம் என்று சொல்லக் கூடாது.

நான்கைந்து நாளில் என் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "நிச்சயத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்க. யோசிக்க வேண்டியிருக்குது." காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மைத்துனன் அன்று சாப்பிடவில்லை. அட்டைக் கடிகாரங்களையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை. ஜாதகங்கள் தவறிப்போனபோதெல்லாம் அவனுக்கு நிம்மதிதான் வந்திருக்கிறது. இந்த முறை இரவெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடந்தானாம், அவனே சொன்னான்.

என் மனைவி யோசித்துப் பார்த்து, "வேகம்னு சொன்னது அவிங்களுக்குப் புடிக்கல போலிருக்குது. போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"அப்ப நீலம்னே இருக்கட்டுங்க" என்றான் மைத்துனன் உடனே. சோகத்திலும் அவன் கடமை தவறவில்லை.

மறுபடியும் நாமக்கல் போனேன். எனக்கு நானே ஒரு விடுப்புக் கடிதம் எழுதி, காய்ச்சல் என்று காரணம் போட்டிருந்தேன். பட்டறையில் இந்த முறை டீ வரவில்லை.

"வேகத்த எல்லாம் விட்டுட்டாருங்க" என்று தொடங்கினேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இப்ப அதுல நாட்டமே இல்லைங்க."

"ரொம்ப நல்லதுங்க."

"இப்ப எல்லாம் ஆழந்தானுங்க."

"என்னது?"

"ஆகாய கங்கை அருவிக்குக் கீழ கெடக்குதில்லைங்க, அந்தத் தண்ணிக் கசம். எவ்வளவு ஆழமிருந்தாலும் பரவாயில்லீங்க மாப்ளைக்கு. உள்ள போனா நிதானமா இருந்துட்டுத்தான் மேல வருவாரு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "ஏனுங்க, உங்க பையனுக்கு உசுரு மேல அப்படி என்னங்க கோவம்?" என்றார்.

அவர் தொடர்ந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. ராசிபுரத்துல கோழிப்பண்ண வெச்சிருக்கற பையன் ஒருத்தனுக்குக் கேட்டுட்டிருக்கறாங்க. கோழிக்குத் தீனி போடறதத் தவிர வேற ஒண்ணுந் தெரியாதாமா. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. தையிலேயே முடிச்சர்லாமுன்னு இருக்கறன்."

இதை வீட்டில் வந்து சொல்லத் தைரியம் வேண்டியிருந்தது. சொன்னேன். என் மனைவி அழவில்லை. கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேல் வைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல மூணு பேரும் போறம். உள்ளத உள்ளபடி சொல்றம். கேக்க மாட்டோம் கேக்க மாட்டோம்னு சொன்ன என் நாக்க அறுக்கணும்" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "நீதான் பேசற. உங்க மச்சான் வாயத் தொறந்தாருன்னா நீ அடுத்து ஆகாசத்துல இருந்து குதிக்கறவன்னு சொல்லிட்டு வந்துருவாரு" என்றாள். எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் நாமக்கல் வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை, பலகாரம் மட்டும் இல்லை. பெண் உள்ளறைக் கதவோரம் நின்றாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள்.

அப்பா நேராகவே கேட்டார். "மாப்ள, ஒளிக்காமச் சொல்லுங்க. அந்த எறக்கத்துல என்ன வேகத்துல வருவீங்க?"

மைத்துனன் தொண்டையைச் செருமினான். ஒரு ஆண்பிள்ளை, கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு எதிரே சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியிருந்தது. "செகண்டு கியருங்க" என்றான்.

"எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயுங்க."

"காரவள்ளி தாண்டி நேர் ரோட்டுல?"

"அங்க தேர்டு போடுவனுங்க. பின்னாடி யாராச்சும் ஆரன் அடிச்சா."

"ஒவ்வொரு வளைவுக்கும் நின்னு ஆரன் அடிப்பானுங்க" என்று என் மனைவி சேர்ந்துகொண்டாள். "எதுக்க வண்டியே இல்லீன்னாலும் அடிப்பான். ஊட்டுல இருந்தே ஆரனக் கேட்டு, வழியில இன்னும் சோலக்காடு ஊரு வல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒல வெப்பனுங்க."

"அப்ப அந்தக் கசம்?"

"அருவிக்குப் போயே ரொம்ப வருசமாச்சுங்க. படி எறங்குனா முட்டி வலிக்குது."

"நீச்ச?"

"தெரியாதுங்க." இன்னும் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. "தோட்டத்துத் தொட்டியக் கழுவறதுக்கும் ஆள் விட்டுத்தான் எறக்குவேன்."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வீடே என்னைப் பார்த்தது. "அப்ப நீங்க சொன்னதெல்லாம் என்னங்க?"

"அது மாப்ளையப் பத்திச் சொன்னதில்லீங்க" என்றேன். "கடிகாரத்தப் பத்திச் சொன்னதுங்க."

யாருக்கும் புரியவில்லை. மைத்துனன் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து முக்காலி மேல் வைத்தான். ரப்பர் பேண்டு ஒன்று அறுந்திருந்தது. கறுப்பைக் காட்டி இது வேகத்துக்கு, நீலத்தைக் காட்டி இது ஆழத்துக்கு என்றான். நாங்கள் கேட்க மாட்டோம் என்பதால் மச்சானைக் குறிப்பாகச் சொல்லச் சொல்லி அனுப்பினோம் என்றான். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

கதவோரம் சத்தம் கேட்டது. பெண் சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், நிறுத்தப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசினாள்.

"ஏனுங்கப்பா, ஏத்தத்துல என்ன கியரோ எறக்கத்துலயும் அதே கியருல வாங்கடான்னு நம்ம டிரைவருங்ககிட்ட எத்தன வருசமாக் கத்தறீங்க. ஒருத்தராச்சும் கேட்டிருக்கறாங்களா? சொல்லாமயே செய்யற ஆளு தானா வந்து ஒக்காந்திருக்கறாரு. நீங்க ராசிபுரத்துக்குப் போறீங்க."

"இல்ல கண்ணு, நேர் ரோட்டுல தேர்டுன்னா..."

"நேர் ரோட்டுல நாலு போட நான் சொல்லித் தாரனுங்கப்பா."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மைத்துனன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் ஓட்டுவாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா முகத்தில் இத்தனை நாளாக ஏற்றிவைத்திருந்த பாரம் இறங்கியது வெளிப்படையாகத் தெரிந்தது. உள்ளே திரும்பிப் பலகாரம் கொண்டுவரச் சொன்னார். அது வந்ததும்தான் எனக்கும் மூச்சு வந்தது.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் நல்ல மனிதர், சந்தோஷத்தில் இருந்தார். போன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரிங்க மாப்ள, மூடி மறைக்கறதெல்லாம் வேண்டாம். ரெண்டுல எது வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க. இப்பவே பாய்க்குப் போனப் போட்டர்றேன்" என்றார்.

மைத்துனன் முக்காலியைப் பார்த்தான். "கறுப்பு" என்றான். அவர் போனை எடுத்து எண்களைச் சுழற்ற ஆரம்பித்தார். "நீலமும் நல்லாத்தான் இருக்குமுங்க" என்றான். அவர் வைத்துவிட்டார்.

"நீலமே போட்டர்லாமுங்களா?"

"போட்டர்லாமுங்க." மறுபடி எடுத்தார். "ஆனா கறுப்புல மூணு முகம் வருதுங்க" என்றான்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். போன் மேலேயும் கீழேயுமாக இன்னும் சில தடவை போய்வந்தது. கடைசியில் இவன், "ரம்ஜானுக்கு இன்னும் நாளு இருக்குதுங்களே, ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா" என்று இழுத்தான்.

"வேண்டாமுங்கப்பா" என்றது கதவோரக் குரல். இந்த முறை சிரிப்பு இல்லை. "இவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள தை போயி மாசியே வந்துரும். ஒரு மோதிரம் போட்டு உடுங்க. கல்லு கில்லு எதுவும் வேண்டாம், செவப்பா பச்சையான்னு அதுலயும் ஆரம்பிச்சுருவாரு."

தையில் முகூர்த்தம் என்று அங்கேயே பேசி முடித்தோம். அதன் பிறகு யாரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் தடவையாக அது உண்மையாகவே நடந்தது.

திரும்பி மலை ஏறும்போது மஞ்சு இறங்கியிருந்தது. செகண்டு கியரில் ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. ஐந்தாறு வளைவுகளை மைத்துனன் தாண்டினான். பிறகு, "மச்சான், மொதல்ல சொன்ன கறுப்புலயே நின்னிருக்கணுமோ?" என்றான். அடுத்த வளைவில், "இல்லைங்க, நீலம்தான்" என்றான்.

பின் சீட்டிலிருந்து என் மனைவி அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"பொண்ணு கெடச்சிருச்சு. வாய மூடிக்கிட்டு ஆரன அடிடா."

அடித்தான்.